வில்லை 7

முனீஸ்வரன் கோயில் தெருவில் நத்தர்ஷா கடை.
எனாமல் தூக்குச்சட்டிக்குள்
சட்டைப் பித்தான்களோடு ஆறு கிடந்தன.
பழைய காயின்மா என்றார்.
காயினில்லை.
பல்லில் தட்டினேன், மொத்தையாகக் கேட்டது.
களிமண்.
நூற்றியெண்பது சொன்னதை
நூற்றியிருபதுக்குக் கொண்டுவந்தேன்.
மேசைக்கடியில் என் முழங்கால் ஆடியதைப் பார்த்திருந்தால்
ஆயிரம் கேட்டிருப்பார்.

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சாப்பிடப் போனபின்
கண்ணாடிக்கூண்டுத் தராசில் வைத்தேன்.
ஐந்தும் ஒன்பது புள்ளி நாலுக்குப் பக்கம்.
ஒன்று மட்டும் எட்டு புள்ளி ஒன்பது.
விளிம்பு ஒரே இடத்தில் தேய்ந்திருந்தது.
வைப்பதா வேண்டாமா என்று
ஒரு கட்டைவிரல்
பல ராத்திரி உருட்டிய அரை கிராம்.
ஊதா விளக்கின் கீழ்
சிவப்பு கறுத்து, நடுவில்
இரண்டெழுத்து மேலே வந்தது:
சி. எஸ்.

ஊர்ப்பெயர் இல்லை.
வில்லையில் ஊர் எழுதினால் போலீசுக்குத்தான் வசதி.

லியோனில் ஒருவர், மூவாயிரம் வில்லை வைத்திருப்பவர்.
படம் அனுப்பிப் பதினோராம் நாள் பதில் வந்தது.
செர்க்கிள், சைகோன்.
முப்பத்திரண்டு மாசியில் ஒரு வியாழக்கிழமை மூடியது.
செர்க்கிள் என்றால் வட்டம்.
பிரெஞ்சுக்காரன் சூதாடும் மண்டபத்தை
வட்டம் என்கிறான்.
இந்தப் பக்கத்துக்காரர்கள் அங்கே போய் நடத்தியது வட்டி.
ஓர் எழுத்து வித்தியாசம்,
ஒரு தெரு தள்ளி.

தூக்குச்சட்டி வந்த வீட்டுப் பேரேடுகள்
கிலோ முப்பது ரூபாய்.
நாலரை கிலோ வாங்கினேன்.
மூன்று ஞாயிறு, தும்மல், அந்துப்பூச்சி.
வரவு, பற்று, மகமை, அரிசி, கப்பல் கூலி, மறுபடி அரிசி.
பிறகு கொண்டுவிற்கப் போன வயிரவன் கையெழுத்தில்:
*பிரஜோற்பத்தி, மாசி 9.
லெரூ துரை பற்று பியாஸ்தர் 140.
ஈடு, சிவப்பு வில்லை 7.
சனிக்கிழமை மீட்பதாகச் சொல்.*

சனிக்கு முன்னால் வியாழன் வந்துவிட்டது.

ஆங்கிரச: வில்லை 7, முன்னிருப்பு.
ஸ்ரீமுக: வில்லை 7, முன்னிருப்பு.
பவ: அதே.
யுவ வருஷம் வட்டியும் கணக்கிட்டிருக்கிறார்.
தாதுவில் கையெழுத்து வேறு, மை வேறு,
வில்லை 7.
எழுதித் தள்ள யாருக்கும் மனசு வரவில்லை.
அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று
பக்கம் திருப்பியவர்களையும்
லெரூவையும்
எப்படிப் பிரிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஏழு. என்னிடம் ஆறு.

நத்தர்ஷா கடைப் பின்கட்டில்
சாமான் இறக்கும் பையன்கள் கேரம் ஆடினார்கள்.
ஸ்டிரைக்கர் உடைந்து மாசமாச்சாம்.
பலகையில் வழுக்கிப் போனது சிவப்பு.
எடை பத்தாதுக்கா, ஆனா பவுடர் போட்டா
நல்லா ஓடும் என்றான் மெர்வின்.
விலை கேட்டேன்.
விக்கிறதில்ல. ஜெயிச்சு எடுத்துக்கங்க.
ஆட்டத்துக்கு அம்பது.

பதினேழு வருஷமாகச் சூதாட்ட வில்லை சேர்க்கிறேன்.
ஒரு சீட்டுக்கட்டைக்கூடக் கலைத்ததில்லை.
உட்கார்ந்தேன்.

என் முறை வரும்போதெல்லாம் அது என் விரலில் இருந்தது,
முறை முடிந்ததும் போனது.
நாலு ஆட்டம். இருநூறு.
ஐந்தாவதில் ரெட் விழுந்தது.
ஃபாலோ குழியின் உதட்டில் நின்று
என்னைப் பார்த்தது.
மெர்வின் ஐம்பதைச் சட்டைப்பையில் வைத்து
நாளைக்கும் இங்கதான் இருப்போம்க்கா என்றான்.

விரலெல்லாம் பவுடரோடு
ராத்திரி என் நோட்டில் எழுதினேன்:
வில்லை 6, கையிருப்பு.
வில்லை 1, வரவேண்டியது.
பற்று ரூபாய் 250.
சனிக்கிழமை மீட்பதாகச் சொல்.