பன்றிச் சீட்டு

பிரதேச செயலகத்து மேசையில் ஒரு பிஸ்கட் டின்,
மூடியில் கத்தியால் கீறிய வாய்.
அதற்குள் மடிந்து கிடக்கிறோம்
நூற்றுப் பன்னிரண்டு பேர்.
துவக்கு அனுமதி ஆறு.

படிவம் சிங்களத்தில்.
அபேகோன் மாத்தயா ஒவ்வொன்றாய் வாசித்துக் கேட்டார்.
காணி யாருடையது?
தோட்டத்துடையது.
உறுதி இருக்கிறதா?
இருந்திருந்தால் வங்கி கடன் தந்திருக்கும் மாத்தயா,
வேலி போட்டிருப்பேன்,
இங்கே வந்து நிற்க மாட்டேன்.
அவர் சிரிக்கவில்லை. ஒரு கோடு இழுத்தார்.
விலாசம்?
மேல்பிரிவு, பத்தாம் லயம், நாலாம் காம்பரா.
கட்டத்துக்குள் அடங்காமல்
காம்பரா வெளியே நின்றது.

கடைசிக் கேள்விக்கு மட்டும்
அவர் முடிக்குமுன் சொன்னேன்.
காட்டு மிருகம் சம்பந்தமாக வழக்கு ஏதும்...
இல்லை.

வழக்கு இல்லை. அது பொய்யில்லை.

போன மாசியில்
மானாப்புல் சரிவுக்கு மேலே, கொய்யா மரத்தடியில்,
பன்றிக்கு வைத்த பிரேக் வயர்
இடுப்பில் இறுகி
ஒரு சிறுத்தை இரண்டு பகல் கிடந்தது.
லயமே ஏறிப்போய்ப் பார்த்தது.
நானும் பார்த்தேன், சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு,
மற்றவர்கள் 'ஐயோ' சொன்ன இடத்திலெல்லாம்
நானும் சொல்லிக்கொண்டு.
அது உறுமி முடித்திருந்தது.
வயிறு மட்டும் ஏறி இறங்கியது.
மயக்க ஊசியோடு மிருக வைத்தியர் வந்து சேர்ந்தபோது
மழை.
ஜீப்பில் ஏற்றுமுன் கண் அப்படியே நின்றுவிட்டது.

சைக்கிளே இல்லாத லயத்தில்
இத்தனை பிரேக் வயர் எதற்கு என்று
பொலிஸ் கேட்டது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான் இடக்கைக்காரி.
என் முடிச்சு இடப்பக்கம் சுற்றும்.
அறுத்த வயரைப் பையில் போட்டுக் கட்டும்வரை
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சீட்டு.
வயர் வைக்காதே, துவக்கு வாங்கு.
பன்றி மட்டும். ஆளுக்கு நாலு. தைப்பொங்கல்வரை.

கண்ணைக் கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளை
டின்னுக்குள் கையை விட்டது.
முதல் சீட்டு ரொசாரியோ முதலாளிக்கு.
அவருக்குத் தோட்டம் கிடையாது,
இராகலை டவுனில் சாப்பாட்டுக்கடை உண்டு.
இரண்டு, மூன்று, நாலு
எனக்குத் தெரியாத பெயர்கள்.
ஐந்தாவது சடையப்பன்,
ஆனியில் அட்டை கடித்த புண் பழுத்துச் செத்தவர்.
மகனுக்குக் கொடுக்கலாமா, திரும்ப இழுக்கலாமா என்று
தேத்தண்ணி ஆறும்வரை வாக்குவாதம்.
பிறகு ஆறாவது.
'தங்காமலார்' என்றார் மாத்தயா.
அது நான்தான் என்று விளங்கக்
கொஞ்ச நேரம் பிடித்தது.
கைதட்டினார்கள். அதுவரை
என் பெயருக்கு யாரும் கைதட்டியதில்லை.

தொண்ணூறு நாளுக்குள் துவக்கைக் கொண்டுவந்து
காட்ட வேண்டுமாம்.
ஒற்றைக்குழல் விலையைக் கேட்டேன்.
மூன்று போகத்து லீக்ஸ்.
அதுவும் பன்றி தின்னாத லீக்ஸ்.

வாசலில் ரொசாரியோ முதலாளி நின்றார்.
ஒரு கடதாசிக்கு நாலு, இரண்டுக்கு எட்டு.
உன் பேர், என் காசு,
இறைச்சி பாதிப் பாதி என்றார்.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

இன்றிரவு பனி.
அனுமதி பொலித்தீனில் சுற்றி ரவிக்கைக்குள்.
ஒரு கையில் டோர்ச், ஒரு கையில் தகரம்.
அடுப்புக்கு மேலே பரணில்
மிச்ச வயர் சுருண்டு கிடக்கிறது.
தூக்கிப் போடவில்லை,
எங்கே போடுவது என்று தெரியவில்லை.

வந்துவிட்டன.
கிழங்குப் பாத்தியில் மூக்கால் உழுகிற சத்தம்.
தகரத்தைத் தட்டாமல்
டோர்ச்சை அடித்து எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.
ஐந்தாவது, கோடு போட்ட குட்டி,
வாயில் மண்ணோடு நிமிர்ந்து
வெளிச்சத்தைப் பார்த்தது.
அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று
படிவத்தில் யாரும் கேட்கவில்லை.