ஐம்பது ரூபாய் வாடகை

ஆம்னியின் பின்கதவை
வேதாளை ஐஸ் கம்பெனிச் சுவரோடு ஒட்டி நிறுத்துவேன்.
ஒரு விரல் நுழையாது.
சித்திரையில் ஒரு ராத்திரி
பக்கக் கண்ணாடி வழியே வந்தார்கள்.

வேக்குவம் பம்பு, கேஸ் கேஜ், டங் டெஸ்டர்,
செம்புக் குழாய் ஒரு சுருள்,
நாலு இஞ்ச் கிரைண்டர்.
என் தண்ணீர் பாட்டிலை
குடித்து முடித்து மூடிவைத்திருந்தார்கள்.

மண்டபம் ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்,
பில் இருக்கா?
இருந்தது.
பிரித்தால் வெள்ளைத் தாள்.
கடைப் பேர் இல்லை, தொகை இல்லை,
டேஷ்போர்டு வெயில் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போயிருந்தது.

சீரியல் நம்பர்?

எட்டு வருஷம் என் கையில் சுழன்ற மெஷின்.
சூடேறினால் என்ன வாசம் வரும், தெரியும்.
தகடு வெட்டும்போது ஒரு சத்தம்
குழாய் வெட்டும்போது ஒரு சத்தம், தெரியும்.
நம்பர் தெரியாது.

கம்பெனியில் கம்ப்ரஸர் நின்றது.
நாலு டன் இறால் உள்ளே.
பரமக்குடியிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.
நான் வாசலில் நின்று
அவன் பை பெரிதாக இருக்கிறதே என்று பார்த்தேன்.

ஜெனோவா குழுவில் லோன் எடுத்தாள்,
காரணம் என்ற கட்டத்தில்
கறவை மாடு என்று எழுதி.
அந்த மாடுதான் இப்போது வண்டிக்குள் நிற்கிறது:
புதுப் பம்பு, புது கேஜ், புது கிரைண்டர்.
நம்பர்களை மகளின் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கம் எழுதிவைத்தேன்.
தரையோடு பற்றவைத்த இரும்புப் பெட்டி,
ஏழு லீவர் பூட்டு.

திருடன் ஒரு தடவை வந்தான்.
உப்பு தினமும் வருகிறது.

ஆடியில் கச்சான் அடித்த வாரம்
பெரியபட்டினத்தில் ஒரு மண்டபம்.
நாளைக்கு நிக்காஹ், ஏசி ஓடவில்லை.
பெட்டியைத் திறக்கப் போனேன்,
சாவி பாதி கையில், பாதி பூட்டுக்குள்.
பூட்டை உடைக்கிற சாமான் எல்லாம்
பூட்டுக்கு அந்தப் பக்கம்.

மேனேஜர் போன் போட்டார்.
கேட்டு வெல்டிங் பண்ணும் நாகூர்கனி
டிவிஎஸ்ஸில் வந்தார்,
ஹேண்டிலில் ஒரு சாக்கு.
சாக்கிலிருந்து வயர் முதலில் வந்தது.
நீல டேப், மூன்று சுற்று.
டேப் தீர்ந்துபோய் அதன்மேல்
நான் ஒட்டிய காயப் பிளாஸ்திரி.
இடதுகைக்காரன் நான்,
என் கட்டைவிரல் தேய்த்த வழவழப்பு
அவர் பிடிக்காத பக்கத்தில் பளபளத்தது.

அவர் தீப்பொறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழு லீவரும் ஒரு நிமிஷத்தில் விழுந்தன.

மெஷின் எங்க வாங்குனீங்க?

சந்தையில, ரெண்டாங்கை. எழுநூறு சொன்னான்,
பில்லு கேட்டா ஆயிரம்னான்.
சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை.
என் வெல்டிங் மெஷின போன வருசம் தூக்கிட்டானுவ.
கடைக்குள்ளயே படுத்திருந்தேன், எந்திரிக்கல.
இப்ப எவன் கேட்டுக்கு ஓடுதோ.

சொல்ல வந்த வாக்கியம் ஒன்று
தொண்டையில் சாவிபோல் முறிந்தது.

எவ்வளவுண்ணே?
ஒரு வெட்டுத்தான. அம்பது குடுங்க.

கொடுத்தேன்.
கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு, மாத்திருங்க, என்றேன்.
தொட்டுக்கூடப் பாக்கல, எப்படித் தெரியும்?
சத்தத்துல.

வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் கை
நீல டேப்பில் கொஞ்சம் நின்றது.
நிமிர்ந்து பார்த்தார்.
நான் ஏணியை எடுத்துக்கொண்டு
மண்டபத்துக்குள் போய்விட்டேன்.

ராத்திரி பத்து மணிக்குக் குளிர் வந்தது.
பூட்டில்லாத பெட்டியை
கழுத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி
கடற்கரை ரோட்டில் மெதுவாக ஓட்டி வந்தேன்,
மாட்டை.