பெருக்கல் குறி

சதுப்பு முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில்
கெல்வினின் ஆட்டு வேலி
ஒரு மரத்துக்காக வளைந்து போகிறது.

கீழே, தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் யூகலிப்டஸ்கள்
அகன்ற இலைக்காரர்கள். காம்புக்கு ஏழு மொட்டு.
மேலே ஓடைக்கரையில்
பட்டையை நாடா நாடாவாய் உரித்துத் தொங்கவிடுபவை
ஒல்லி இலை. காம்புக்கு மூன்றே மொட்டு.
இது இரண்டிலும் இல்லை.

"கோவேறு கழுதை" என்கிறார் கெல்வின்.

டாஸ்மேனியாவின் மே மாத மழையில்
ஏணியோடு வந்தாள் ஓடெட் பைபஸ்,
பழைய செய்தித்தாள் கட்டு, கழுத்தில் லென்ஸ்.
முப்பது காம்புகளை எண்ணினாள்.
ஏழு, மூன்று, ஏழு, ஐந்து,
ஒன்றில் ஆறு. உதிர்ந்துவிட்டதா ஒன்று?
ஈர நோட்டில் கேள்விக்குறி.

மூன்று மொட்டுக் காம்பை அவள் வெளிச்சத்துக்குத் திருப்பியபோது
எனக்குத் தெரிந்தது ஃ.
உயிரிலும் சேராது மெய்யிலும் சேராது என்று
தனிநிலையென்றொரு நாற்காலி போட்டு
இலக்கணக்காரர்கள் உட்காரவைத்த எழுத்து.

லத்தீனில் இதற்கு அந்த நாற்காலியும் இல்லை.
இரண்டு பெற்றோர் பெயர்,
நடுவே ஒரு பெருக்கல் குறி.
மகரந்தம் யாருடையது, சூல் யாருடையது,
சாட்சி சொல்ல எந்தத் தேனீயும் மிச்சமில்லை.
ஆகவே அகரவரிசை.

சாலையை அகலப்படுத்துகிறவர்களின் படிவத்தில்
'இனம்' என்றொரு கட்டம்.
பெருக்கல் குறியைக் கணினி விழுங்க மறுத்தது.
எக்ஸ் போட்டாள். எழுத்துப்பிழை என்றது.
வெறுமையாய் விட்டாள்.
மறுவாரம் உரிந்த பட்டைகளுக்கு நடுவே
இன்னொரு நாடா தொங்கியது,
பிளாஸ்டிக், இளஞ்சிவப்பு.
வெட்டலாம் என்று அர்த்தம்.

பறித்த காய்கள்
அவள் அடுப்படி ஜன்னலில் காய்ந்து வாய் திறந்தன.
மிளகுத்தூள் போல விதை.

கோவேறு கழுதை ஈனாது. இது ஈன்றது.
அக்டோபரில் தட்டு நிறைய நாற்று:
சில, தண்டை விடாமல் ஒட்டிய ஜோடி இலை;
சில, காம்பை நீட்டி விலகி நிற்பவை;
நடுவில் ஒரு கூட்டம், ஒன்றைப்போல் ஒன்றில்லை.
தாயைப்போல எது என்று
தாயையே கொண்டுவந்து நிறுத்தினாலும் சொல்ல முடியாது.

கெல்வின் தொப்பியைப் பின்னால் தள்ளிப் பார்த்தார்.
இருப்பதிலேயே கோணலான ஒன்றை எடுத்தார்.
"இதற்கென்ன பெயர்?"

பெயர்ச்சீட்டு அவள் கையில்தான் இருந்தது,
பென்சிலும்.

இளஞ்சிவப்பு நாடா எங்கே போனது என்று
சாலைக்காரர்கள் கேட்டபோது
ஆடு தின்றிருக்கும் என்றார்,
வேலியை இன்னும் ஒரு முழம்
வெளியே தள்ளிக் கட்டிக்கொண்டே.