பாரம் கொடாமல்

பூர்க்டோர்ஃபில், பழசு விற்கும் புறோக்கிக் கடையில்
முட்கரண்டிகளுக்கு நடுவே கிடந்தது.
ஐந்து பிராங்க்.
தாளில் சுற்றித் தரும்போது ஏஷ்லிமன் அம்மா
"வீட்டுக்காரருக்கா?" என்றாள்.
இல்லை என்று சொல்லத் தெரிந்தது.
யாருக்கென்று சொல்லத் தெரியவில்லை.

கொம்புப் பிடியில் நீளமாய் ஒரு வெடிப்பு.
அலகின் முதுகில் தேமல் போலத் துரு.
விளிம்பில், நடுவுக்குச் சற்றுத் தள்ளி,
பால்பல் விழுந்த இடம் மாதிரி ஒரு பொக்கை.
யாரோ கைநழுவவிட்டிருக்கிறார்கள்,
முகம் கழுவும் தொட்டியில்.
அந்தக் காலை அவருக்கு என்ன அவசரமோ.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்குப் பின்னேர வேலை.
காலைகள் என்னுடையவை.
குசினி மேசையில் ஈரத்துவாய் விரித்து
ஆயிரம், மூவாயிரம், எட்டாயிரம் என்று
மூன்று கல் வைத்தேன்.
எண் ஏற ஏறக் கல் மிருதுவாகும்.
கடைசிக் கல் குழந்தையின் உள்ளங்கால்.

முதல் மாதம் முழுக்க அழுத்தினேன்.
சம்பல் அரைத்துப் பழகிய கை,
அழுத்தாமல் எதுவும் மசியாது என்று நம்பிய கை.
பொக்கை போனது, கூடவே
ஒரு பக்கம் தேய்ந்து விளிம்பு கோணியது.
தோல்வாரில் முதுகைப் புரட்டாமல் விளிம்பைப் புரட்டி
வாரை அறுத்தேன். எழுபது பிராங்க்.
அவனுக்கு நாற்பது என்று சொன்னேன்.

பிறகு விளிம்புக்குக் கறுப்பு மை பூசி
கல்லில் ஒரே ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன்.
மை அழிந்தது கல் தொட்ட இடம்.
அழியாதது
தொட்டதாக நான் நினைத்துக்கொண்ட இடம்.
எவ்வளவு கறுப்பு.

படத்தைப் பார்த்த மாமி போனில் கேட்டார்:
"அது ஆர் செய்யிற வேலை, தெரியுமோ?"
தெரியும் மாமி.
நம்முடைய முகங்களைத் தொட்டு வாழ்ந்தவர்களை
முற்றத்தோடு நிறுத்திய வீடுகளில்
எங்கள் வீடும் ஒன்று.
தீட்டு என்ற சொல்லைப் பெயராக அங்கே படித்தேன்.
இங்கே அது வினை.
இன்னும் முப்பது இழுப்பு இருக்கிறது, வைக்கிறேன்.

பாரம் கொடாமல்,
கத்தி தன் பாரத்திலேயே போகட்டும்.
முதலில் மணலில் செருப்பு நடக்கும் சத்தம்,
அப்புறம் கடுதாசி மடிக்கும் சத்தம்,
அதற்கும் அப்புறம் தண்ணீர்
விளிம்பைத் தாண்டி அலகின் மேல் ஏறிவரும்.
காது அல்ல, அப்போது கண்தான் கேட்கிறது.

என் தலையிலிருந்தே ஒரு மயிர், நரைத்தது,
தொங்கவிட்டு விளிம்பில் இறக்கினேன்.
எத்தனையோ நாள் வளைந்து நழுவியது.
நேற்று வளையவில்லை.
அறுந்ததைக் காணவும் இல்லை,
துண்டை மேசையில் தேடித்தான் எடுத்தேன்.

ஆனால் மயிர் கன்னம் அல்ல.

ஞாயிறு. சற்குணனுக்கு நாலு நாள் தாடி.
"வெட்டிப்போடுவாய்" என்று சிரித்தான், பாதி பகிடி.
தொண்ணூற்றெட்டில், சூரிக்கில், ஒரு வாடகை மண்டபத்தில்
இரண்டு கிழமை மட்டும் தெரிந்த ஆளுக்குக்
கழுத்தை நீட்டினேன்.
கொடியின் சுரையைப் பூட்டத் தெரியாமல்
பின்கழுத்தில் தடுமாறின அவன் விரல்கள்.
அதைச் சொல்லவில்லை.
சவர்க்காரத்தைக் குழைத்து நுரை எழுப்பினேன்.

அவனே கதிரையில் வந்து சாய்ந்தான்.
கண்ணை மூடவில்லை.
இடக்கையால் தோலை இழுத்துப் பிடித்து
காதடியில் தொடங்கினேன்.
மெல்லிய சரசரப்பு, காய்ந்த புல்லில் ஓணான் போவதுபோல.
தாடைக்குக் கீழே வந்ததும்
"விழுங்காதே" என்றேன். விழுங்கினான்.
அந்த முடிச்சு ஏறி இறங்கும் வரை
கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
கீழே எம்மே வாய்க்கால் பக்கம் யாரோ
சைக்கிள் மணி அடித்துப் போனார்கள்.

வலப்பக்கம் முடிந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை.
புறங்கையால் தடவிப் பார்த்தவன்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, "மற்றப் பக்கம்?"

மெஷினை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன்.
மற்றப் பக்கத்துக்கு
கத்தியை இடக்கையில் பிடிக்க வேண்டும்.
அதை இன்னும் பழக்கவில்லை.