ஒன்பதாம் வளைவில்

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில்
விடியுமுன் ஏறினார்கள் ஐந்து பேர்.
குளச்சல் பக்கமாம்.
படகைத் தட்டுவதுபோல் என் வேனை
விலாவில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து
முன்சீட்டில் உட்கார்ந்தவர் சூசை மிக்கேல்.
இருபத்தெட்டு வருசம் ஆழ்கடல்.
மலை இதுதான் முதல் தடவை.

எனக்குக் கடலும் ஒரே ஒரு தடவை.
இராமேசுவரத்தில், அப்பாவின் சாம்பலோடு.
பார்க்கவில்லை,
முழுகி எழுந்தேன்.

ஆழியாறு அணையில் நிறுத்தச் சொன்னார்.
வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இவ்வளவு தண்ணி கெடக்கு, ஒரு அலை இல்லியே.
இதுக்கு என்ன, காய்ச்சலா?"

நாற்பது வளைவு,
ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை.
மூன்றில் பேச்சு நின்றது.
ஐந்தில் கண்ணை மூடினார்.
ஏழில்
புயலுக்கும் குமட்டாத மனிதர்
பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு
மலைக்குக் காணிக்கை வைத்தார்.
மனைவி புளோராள் சிரித்த சிரிப்பில்
பாறைமேல் இரண்டு வரையாடுகள்
மேய்ச்சலை விட்டுத் தலை தூக்கின.

ஒன்பதாவதில்தான்
எல்லோரும் இறங்கிக் கைபேசியை நீட்டுவார்கள்.
அன்றைக்கு அணையைக் காணோம்.
தென்னந்தோப்புகளைக் காணோம்.
வந்த சாலையையே காணோம்.
செருப்பு நுனியில் தொடங்கி
கண் முட்டும்வரை வெள்ளை.
நடுநடுவே கரடுகளின் உச்சி மட்டும், கருப்பாய்,
நனைந்து.

"இன்னைக்குன்னு பார்த்து மூடிப்போச்சுங்க"
என்று ஆரம்பித்தேன்,
காசு கொடுத்தவர்களிடம் வழக்கமாய்க் கேட்கும் மன்னிப்பு.
கையை உயர்த்தினார், பேசாதே என்று.
காலை அகட்டி வைத்திருந்தார்,
தரை ஆடும் என்று நம்புகிறவர் நிற்கிற மாதிரி.
"அந்தா ஒரு தீவு.
அங்க இன்னொண்ணு.
ரெண்டுக்கும் நடுவுல நல்ல ஆழம்."

மூக்கை மேற்கே திருப்பினார்.
"காத்து எங்கேருந்து?"
பாலக்காட்டுக் கணவாய் என்றேன்.
அத்தனை நீள மலையும் அங்கே மட்டும்
கொஞ்சம் வாயைத் திறந்து வைத்திருக்கும்.
ஆடி பிறந்தால் அந்த வழியாகத்தான் நுழையும்,
மட்டையை முறிக்கும்,
உடுமலைக் காற்றாலைகளைத் தூங்கவிடாது,
கொடியில் போட்ட வேட்டியைப் பக்கத்து ஊரில் தேடவைக்கும்.
"அதுக்கு அங்கிட்டு?"
"பொன்னானி. கடலுங்க."

ஒருமாதிரி சிரித்தார்.
"அதானே பாத்தேன். தெரிஞ்ச பய."
அப்புறம் சொன்னார்:
"நாலு நிமிசத்துல மழை."
என் கடிகாரத்தில்
மூன்றரைதான் ஆனது.

வால்பாறையில் தேயிலை பார்த்தார்கள்.
சிங்கவால் குரங்கு ஒன்று
புளோராளின் முறுக்கைப் பார்த்தது.
நீராற்றங்கரையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
இந்தத் தண்ணி மேற்கே
உங்க கடலுக்குப் போகப் பொறந்ததுங்க,
மலையைத் துளைச்சு எங்க காட்டுக்குத் திருப்பிட்டாங்க என்றேன்.
"அப்ப எங்க தண்ணிய நீங்க..."
"இளநீராத் திருப்பித் தந்தர்றோமுங்க."
இறங்கும்போது ஆழியாற்றில்
ஆளுக்கு இரண்டு வெட்டச் சொன்னேன்.
கணக்கில் எழுதவில்லை.

வழுக்கைக்கு அவர் விரலை விட்டுத் துழாவியது
சிப்பிக்குள் துழாவுவது போலிருந்தது.
சிப்பியை நான் பார்த்ததில்லை.

போனபிறகு சீட்டுக்கடியில் ஒரு பொட்டலம்,
நெத்திலிக் கருவாடு.
மறந்ததா, வைத்ததா?
வீட்டில் சைவம் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை.
நான்கு நாள் வண்டியிலேயே இருந்தது.

இப்போதெல்லாம் ஒன்பதாவது மூடிக்கிடந்தால்
நான் மன்னிப்புக் கேட்பதில்லை.
காலை அகட்டி நிற்கிறேன்.

ஐந்தாம் நாள் சவாரி, திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள்.
ஏறியதும் மூக்கைப் பொத்தினார்கள்.
கண்ணாடியை இறக்கலாமா என்றார்கள்.
வேண்டாமுங்க, மழை வருது என்றேன்.

வரவில்லை.