முயற்சி: பூஜ்ஜியம்

வலையை நனைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும்.
காய்ந்த நூல் பொய் சொல்லும்.
இது கையேட்டில் இல்லை, நான் சொல்வது.

ஆப்பு அளவுகோலைக் கண்ணுக்குள் செருகி
அது நிற்கும் இடத்தில் மில்லிமீட்டரைப் படிக்கிறேன்:
எழுபத்தாறு. எழுபத்தாறு. எழுபத்தொன்று.
அறுபத்தெட்டு.
ஒரே வலைக்கு இத்தனை விதமான கண்களா?
"மூன்று சந்தையில் வாங்கி ஒன்றாய்த் தைத்தது" என்கிறார் கபாஸோ.
மூன்று விரலை ஒரு கண்ணில் நுழைத்துக் காட்டுகிறார்.
அவருக்கு அதுதான் அளவுகோல்.
தடித்த விரல்கள். சட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை.

பங்வேலு சதுப்பில் வெள்ளம் வடியும் மாதம்.
நான் இடுப்பு வரை ஈரம்,
படிவம் மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் மொறமொறவென்று.
கருவி, கண்ணளவு, விலை, ஆயுள்,
போட்ட மணி, எடுத்த மணி, எத்தனை ஆள்.
கடைசிக் கட்டத்தில்
பிடிப்பை முயற்சியால் வகுக்க வேண்டும்.

சிஷாலாவின் பறிகள்
மண்கரையின் மடைகளில் வாய் திறந்து கிடந்தன.
கோரைத்தண்டில் பின்னியவை. ஒரு பருவம் தாங்கும்.
"கரை கட்டிய நாளையும் முயற்சியில் சேர்ப்பீர்களா?"
எத்தனை நாள்?
"இருபத்திரண்டு. அப்போது எனக்கு எட்டாம் மாதம்.
எழுது, நமுகோலோ, அதையும் எழுது."
எழுதினேன்.
பறியின் மதிப்பெண் சரிந்தது.
அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்,
எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மூவரும் ஒரே தோணியில் திரும்பும்போது
துடுப்பு எதிலோ மாட்டியது.
இழுத்தால் வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது,
கோரை வேரில் சுற்றிய தங்கூசி வலை.
மிதவைகள் எப்போதோ போய்விட்டன.
உள்ளே ஒரு கெளுத்தியின் மண்டை,
பல் உதிர்ந்த சீப்பு போல ஒரு முதுகெலும்பு,
நீர்க்காகம் ஒன்றின் இறகுகள், காகம் இல்லாமல்.
உயிரோடு இரண்டு ஜிலேபி.

மூலைக் கயிற்றில் சிவப்புத் துணி முடிச்சு.
கபாஸோ அதைத் தடவிப் பார்த்தார்.
"என்னுடையது. போன வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில் போனது.
நான்கு நாள் தேடினேன்.
பிறகு புதியதற்குக் கடன் வாங்கினேன்."
கடனும் முடியவில்லை,
வலையும் தன் வேலையை முடிக்கவில்லை.

அளந்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.
கண்: எழுபத்தாறு. எந்த மூலையில் செருகினாலும் எழுபத்தாறு.
அன்று நான் பார்த்ததிலேயே சட்டத்துக்கு முழுதாய் அடங்கிய வலை.
போட்டது: எழுநூறு இரவுக்கு முன்.
எடுத்தது: இப்போது.
ஆள்: இல்லை.
தூக்கம் கெட்டவர்: இல்லை.
முயற்சி: பூஜ்ஜியம்.
கால்குலேட்டரில் வகுத்தேன்.
"பிழை" என்றது.
மறுபடி வகுத்தேன்.

உயிரோடிருந்த இரண்டையும்
எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று நான் தடுமாறுகையில்
சிஷாலா ஒன்றைப் பானைக்குள் போட்டாள்,
ஒன்றைத் தண்ணீருக்கு விட்டாள்.
ஏன் அது, ஏன் இது என்று கேட்கவில்லை நான்.

கபாஸோ கத்தியை எடுத்து
கிழியாத பக்கமாய் ஆறு முழம் வெட்டினார்.
"அறுபத்தெட்டைப் பிரித்துவிட்டு
அங்கே இதைத் தைத்துவிடுகிறேன்.
அடுத்த மாதம் வந்து அளந்து பார்" என்றார்.
மீதியைச் சுருட்டி என் காலடியில் போட்டார்.
கரை சேரும்வரை
அது என் செருப்பைப் பிடித்துக்கொண்டே வந்தது.