முழங்கால்

கூடாரத்தை விட்டு இருபது எட்டு தள்ளிப்போய்த்தான்
அஸர் தொழுவார் அப்துல் மவ்கூத்.
ஜீப் ஓட்டுவதற்குத்தான் கூலி, நம்புவதற்கு இல்லை என்று
இப்ஷவாயில் சாமான் ஏற்றும்போதே சொல்லியிருந்தார்.

இரண்டாம் ரக்அத்தில்
நெற்றியில் ஏதோ குத்தியது.
முறிக்கவில்லை.
பயணத்தில் சுருக்கித் தொழலாம், சுருக்கவுமில்லை.
மீதி நாலு ஸஜ்தாவிலும்
அதே இடம், அதே கூர்.
வலப்பக்கம் ஸலாம், இடப்பக்கம் ஸலாம்,
அதற்குப் பிறகுதான் விரலால் தோண்டினார்.

"டாக்டர், இது கல்லா?"

பாதி எலுமிச்சை அளவு.
பல் துலக்கும் பிரஷால் மணலைத் தட்டினேன்.
கை நடுங்கியது.
பதினோரு நாளாக இதைத்தான்
வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தோம்.

"முழங்கால் சில்லு."
"யாருடையது?"
பின்னால் காட்டினேன்:
பாலைவனத்தில் பதினைந்து மீட்டர் முதுகெலும்பு,
கடல் வற்றியது தெரியாமல் படுத்திருக்கும் திமிங்கிலம்.

சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு,
"நீந்துகிறதற்கு முழங்கால் எதற்கு?"
"முன்னோர் நடந்தார்கள். இதற்கு ஒன்றுக்கும் இல்லை."
"ஒன்றுக்கும் இல்லாமல் அவன் ஒன்றைப் படைப்பானா?"

கெய்ரோவில், மேடையில், மைக் முன்னால்
கேட்டிருந்தால் பதில் உண்டு.
இங்கே காற்று மட்டும் அடித்தது.

தேநீர் கொதிக்கும்போது அவரே தொடங்கினார்.
தம்பி குவைத்துக்குப் போய் ஒன்பது வருஷம்.
அவன் வீட்டை இடித்துச் சாலை போட்டாயிற்று.
சாவி மட்டும் அம்மாவின் சுவரில், ஆணியில்.
யாரும் தொடக்கூடாது.
"அந்த மாதிரியா?"

நாலு கரண்டிச் சர்க்கரை போட்டுக் கலக்கினார்.
அந்த மாதிரிதான் என்றேன்.
முழுக்கச் சரியில்லை. ஆனாலும் சொன்னேன்.

"ஆதமை மட்டும் விட்டுவிடுங்கள்."
"நான் தொடவில்லையே."
"தொடுவீர்கள்."

அவர் சொன்னது பொய்யில்லை.
இரவுகளில் தொட்டுத்தான் பார்க்கிறேன்,
போர்வைக்குள், என் முழங்காலை.
ஒரு நொடியில் ஆகு என்றானா,
ஆகிக்கொண்டே இரு என்றானா.
இரண்டிலும் அவன் குரலே கேட்கிறது எனக்கு.
என் அண்ணனுக்கு ஒன்றில்தான் கேட்கிறது;
ஆய்வகத்தில் கூட இருப்பவனுக்கு எதிலும் இல்லை.
இருவருக்கும் நடுவில்
பெருநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டு நான்.

மஃரிபுக்குத் தண்ணீர் போதவில்லை.
உள்ளங்கையை மண்ணில் அடித்து
முகத்தில் தடவினேன்.
எத்தனை கோடி மீன் இந்தத் தூசியில்.
சுத்தமான மண் என்று
மார்க்கம் சொல்கிறது. சுத்தமாகத்தான் இருந்தது.

லாந்தர் வெளிச்சத்தில் படிவம் நிரப்பினேன்.
கண்டெடுத்தவர்: அப்துல் மவ்கூத், ஓட்டுநர்.
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
தொழுகைத் தழும்புக்குப் பக்கத்தில்
புதிதாய் ஒரு பள்ளம், கொஞ்சம் ரத்தம்.
"எப்படி எடுத்தேன் என்று எழுதினீர்களா?"

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், சின்ன எழுத்தில், எழுதினேன்:
ஸஜ்தாவில்.